கில்ட் கட்டப்போகும் பிள்ளைக்கு

ஸ்காட்லாந்து ஆண்களின் உடையான கில்ட்டை இடுப்பில் கட்ட வேண்டும். இதைச் சொன்னதும், "வேறெங்கே கட்டுவார்கள்?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பேண்ட் போட்டே வளர்ந்த தலைமுறைக்கு இடுப்பு என்றால் பேண்ட் நிற்கிற இடம், அதாவது இடுப்பெலும்பு. கில்ட்டின் இடம் அதற்கும் மேலே, தொப்புளை ஒட்டி, கடைசி விலா எலும்புக்குச் சற்றுக் கீழே. எடின்பரோவின் ராயல் மைல் தெருவில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நின்று பாருங்கள். யார் பழகியவர், யார் அன்று காலைதான் வாடகைக்கு எடுத்துவந்தவர் என்று சுலபமாகப் பிரித்துவிடலாம். புதியவருக்குக் கீழ்விளிம்பு முழங்காலைத் தாண்டி இறங்கியிருக்கும். பின்பக்கத்து மடிப்புகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். நாலடிக்கு ஒருமுறை கை இடுப்புக்குப் போய் இழுத்து விட்டுக்கொள்ளும்.

முறையாகத் தைத்த கில்ட்டுக்கு 8 கெஜம் கம்பளித் துணி வேண்டும். கனமான ரகமாக இருந்தால் எடை 2 கிலோவை நெருங்கும். துணியில் பெரும்பகுதி பின்பக்க மடிப்புகளுக்குள்ளேயே மறைந்துவிடுகிறது. ஒவ்வொரு மடிப்பையும் இடுப்பிலிருந்து பிட்டம் வரை தைத்து இறக்குகிறார்கள். மேலே ஒடுக்கமாக, கீழே வரவர அகலமாக. அதற்குக் கீழே மடிப்பு தைக்கப்படாமல் சும்மா தொங்கும், நடக்கும்போது ஆடும். ஒடுங்கிய இடத்துக்கென்று தைத்ததை அகலமான இடத்துக்கு இறக்கிக் கட்டினால் மடிப்பு பிளக்காமல் என்ன செய்யும்?

இந்த வயதில் நான் எதற்கும் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். ஒருவர் "இதுதான் முறை" என்றால், ஏன் என்று கேட்பேன். பதில் துணியிலிருந்தோ உடம்பிலிருந்தோ வந்தால் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொள்வேன். மற்றவர் மனசு நோகாமல் இருப்பதற்காக என்றால் அதையும் கேட்டுக்கொள்வேன். இரண்டும் இல்லாமல் "அப்படித்தான்" என்று மட்டும் பதில் வந்தால், சிரித்துவிட்டு என் வசதிப்படி செய்வேன்.

ஸ்காட்லாந்து ஆஸ்பத்திரிகளில் மருத்துவனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குக் கில்ட் கட்டக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுக்காரர். பட்டாளத்தில் பேக்பைப் வாசித்தவர். அவர் எந்த விதியைச் சொன்னாலும் காரணத்தையும் சேர்த்தே சொல்வார். காரணம் இல்லாத விதிக்கு அவர் வைத்திருந்த பெயர் 'கடைக்காரன் விதி'. இப்போது என் முறை வந்திருக்கிறது. தங்கை மகன் இங்கே படிக்க வந்தவன், கூடப் படித்த ஸ்காட்லாந்துப் பெண்ணையே கட்டிக்கொள்ளப் போகிறான். காலையில் தாலி, சாயங்காலம் கில்ட்.

"மாமா, மாப்பிள்ளைத் தோழர்கள் எல்லாருமே கில்ட்டாம். செம ஜாலியா இருக்கும். நீங்க கடைக்கு வந்து எனக்கு ஒண்ணு பார்த்துக் குடுங்க."

"ஜாலியெல்லாம் அப்புறம்டா. இது மாறுவேடப் போட்டி இல்ல. முதல்ல உட்காரு."

உட்கார வைத்து 1746-ஆம் வருடத்துக் கதையைச் சொன்னேன். அந்த ஏப்ரல் 16 அன்று கல்லோடன் மேட்டில் இளவரசர் சார்லஸ் ஸ்டூவர்ட்டின் ஹைலேண்ட் படை அரசுப் படையிடம் ஒரு மணி நேரத்துக்குள் சிதறிப்போனது. மலைநாட்டாரின் முதுகெலும்பை முறிக்க லண்டன் அரசு ஆயுதத்தோடு உடையையும் பிடுங்கியது. 1747 ஆகஸ்ட் 1 முதல் ஸ்காட்லாந்தில் ஆணோ சிறுவனோ ஹைலேண்ட் உடை உடுத்தக்கூடாது. முதல் தடவை பிடிபட்டால் 6 மாதச் சிறை. மறுபடி பிடிபட்டால் 7 வருடம் கடல் கடந்த நாடுகடத்தல். தடை நீங்கியது 1782-இல்தான். அப்பா உடுத்தியதைப் பார்த்திராத ஒரு தலைமுறையே அதற்குள் வளர்ந்து ஆளாகிவிட்டது. சட்டம் போனபிறகும் சாதாரண மலைவாசி அன்றாட உடையாகக் கில்ட்டுக்குத் திரும்பவில்லை.

பட்டாளத்துக்கு மட்டும் விலக்கு இருந்தது. தன் ஊரில் உடுத்தினால் சிறை, அரசனுக்காகச் சாகப் போனால் சீருடை! அப்படித் திரட்டிய படைகளில் ஒன்றான மக்லியோட் ஹைலேண்டர்ஸ் 1780-இல் சென்னையில் வந்து இறங்கியது. அதன் இரண்டு கம்பெனிகள் அதே செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் புள்ளலூரில் ஹைதர் அலியிடமும் திப்புவிடமும் சிக்கி நாசமாயின. அந்தப் பையன்களின் சொந்த ஊரில் உடைத் தடை அப்போதும் அமலில்தான் இருந்தது. நம் பாடப் புத்தகங்களில் 'ஆங்கிலேயப் படை' என்று ஒரே வரியில் முடிந்துபோகிறது இது.

கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு முகம் மாறிவிட்டது. "அப்ப நாம கட்டலாமா மாமா? அவங்க தப்பா எடுத்துக்க மாட்டாங்களா?"

புதியவர்களிடம் இந்த இரண்டையும்தான் பார்க்கிறேன். ஒன்று விளையாட்டுத்தனம், இல்லாவிட்டால் நடுக்கம். கில்ட்டில் நடுக்கம் பெரும்பாலும் டார்ட்டனைப் பற்றியது. கட்டம் போட்ட அந்தத் துணியின் ஒவ்வொரு மாதிரியும் ஒரு குலத்துக்குச் சொந்தம், வேற்றாள் தொட்டால் குற்றம் என்று யாரோ சொல்லிப் பயமுறுத்தியிருப்பார்கள். அப்படிச் சட்டம் எதுவும் கிடையாது. குலத்துக்கொரு டார்ட்டன் என்ற ஏற்பாடே முக்கால்வாசி 19-ஆம் நூற்றாண்டின் சரக்கு. பேனக்பர்ன் ஊரில் வில்சன் குடும்பத்தாரின் தறிப்பட்டறையில் மாதிரிகளுக்கு முதலில் எண்தான் இருந்தது. பிறகு பெயர் வைத்தார்கள், பெயர் வைத்ததும் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. 1842-இல் சோபியஸ்கி ஸ்டூவர்ட் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட இரண்டு சகோதரர்கள், பழைய சுவடியில் கண்டதாகக் குல டார்ட்டன்களின் பட்டியல் ஒன்றைப் புத்தகமாகப் போட்டார்கள். அது முழுப் பித்தலாட்டம் என்று பின்னால் நிரூபணமாயிற்று. அந்தப் புத்தகத்திலிருந்து வந்த சில மாதிரிகளை இன்றைக்கும் மனப்பூர்வமாகப் பெருமையோடு உடுத்துகிறார்கள். அதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. நாலு தலைமுறை உடுத்திக் கல்யாணமும் கருமாதியும் பார்த்த துணி, பிறந்த கதை பொய்யானாலும் இப்போது நிஜம்தான்.

இன்றைக்கு எடின்பரோவில் அரசாங்கமே டார்ட்டன் பதிவேடு ஒன்றை நடத்துகிறது. 2009-இல் தொடங்கியது. கட்டணம் கட்டினால் புது மாதிரியை யார் வேண்டுமானாலும் பதியலாம். சீக்கியர்களுக்கென்று கூட ஒரு டார்ட்டன் உண்டு. பிளாக் வாட்ச், ராயல் ஸ்டூவர்ட் போன்றவற்றை எல்லோரும் உடுத்துகிறார்கள். தொடக்கூடாதது என்றால் பால்மோரல் டார்ட்டன். அது அரச குடும்பத்துக்கும் மன்னரின் பைப்பருக்கும் மட்டும். கடையில் கேட்டாலும் கிடைக்காது, ஆகவே பயம் வேண்டாம்.

மருமகனிடம் ஒன்று மட்டும் சொன்னேன். "பெண்ணோட அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடு. 'உங்க டார்ட்டனை நான் கட்டலாமா'ன்னு கேளு. சட்டத்துக்காக இல்ல, மரியாதைக்காக." கேட்டிருக்கிறான். அந்த மனிதர் எழுந்து வந்து தோளில் கைவைத்தாராம். சம்பந்தம் பேசும்போது எங்கள் பக்கத்திலிருந்து செய்த உருப்படியான காரியம் இதுவாகத்தான் இருக்கும்.

கடையில் அளவெடுத்த அம்மாவுக்கு என் வயது இருக்கும். கழுத்தில் டேப், இடது மணிக்கட்டில் குண்டூசிப் பொதி. தொப்புள் மட்டத்தில் ஒரு சுற்று, பிட்டத்தில் அகலமான இடத்தில் ஒரு சுற்று, இடுப்பிலிருந்து முழங்கால் சில்லின் நடுவரை ஒரு நீளம். அவன் வழக்கமான பேண்ட் அளவைச் சொல்ல வாயெடுத்தான்; அந்த அம்மா காதில் வாங்கவே இல்லை. ஒரு மாதிரிக் கில்ட்டைக் கட்டிவிட்டு, "முழங்காலிடு" என்றார். நிமிர்ந்து முழங்காலிட்டால் விளிம்பு தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். தரையில் மடிந்து கிடந்தால் நீளம் அதிகம். எழுந்து நின்றபோது விளிம்பு முழங்கால் சில்லின் நடுவில் சரியாக நின்றது.

சுற்றும் வரிசையை இப்போது சொல்கிறேன், ஒருமுறை கண்ணாடி முன்னால் செய்துபார்த்தால் பிடிபட்டுவிடும். அதற்கு முன் காலுறையும் ஷூவும் போட்டுவிடுங்கள். கில்ட் கட்டியபின் குனிந்து ஷூ கட்டினால் கட்டிய நேர்த்தி அத்தனையும் கலைந்துபோகும். பிறகு கில்ட்டை முதுகுப்பக்கம் விரித்து, மடிப்பு பின்னால் வரும்படி பிடித்துக்கொள்ளுங்கள். வலது கையில் உள்ள முனை முதலில் வயிற்றைச் சுற்றி இடதுபக்கம் போகும். அதன் தோல்வார் இடது இடுப்பில் உள்ள துளை வழியாக வெளியே வந்து அங்குள்ள பக்கிளில் மாட்டும். அதன்மேல் இடது கை முனை வந்து வலதுபக்கம் மூடும். வலதுபக்க வார்களில் மேலே உள்ளதை இறுக்கியும், கீழே பிட்டத்தருகே உள்ளதைக் கொஞ்சம் தளர்த்தியும் மாட்டுங்கள். கீழ்வாரை இறுக்கினால் முன்துணி வில்லாக வளைந்து நிற்கும்.

முன்துணியின் வலதுகீழ் மூலையில் ஓர் அலங்கார ஊசி குத்துவார்கள். புதியவர்கள் காற்றுக்குப் பயந்து இரண்டு துணியையும் சேர்த்துக் குத்திவிடுகிறார்கள். அது மேல்துணியில் மட்டும் நிற்க வேண்டும். சேர்த்துக் குத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் துணி கிழியும். காற்றைக் கவனித்துக்கொள்ளத்தான் 8 கெஜத்தின் எடை இருக்கிறதே.

ஸ்போரன் என்கிற முன்பக்கப் பைக்குக் காரணம் எளிது, கில்ட்டில் பாக்கெட் கிடையாது. பணம், போன், சாவி எல்லாம் அதில்தான். வயிற்றுக்குக் கீழே ஒரு கை அகலம் விட்டுத் தொங்கட்டும்; அதற்குமேல் இறங்கினால் அடிக்கு ஓர் இடி தொடையில் விழும். காரோட்டும்போதும் ஆடும்போதும் பக்கவாட்டில் தள்ளிக்கொள்ளலாம். கம்பளிக் காலுறையை முழங்காலுக்கு மூன்று விரல் கீழே மடித்துவிட வேண்டும். நாக்கில்லாத அந்த கில்லி புரோக் ஷூவின் நீளக் கயிறைக் கெண்டைச்சதை வரை சுற்றி ஏற்றாதீர்கள், கணுக்காலோடு நிறுத்துங்கள்.

வேட்டி கட்டியவர்களுக்கு இதெல்லாம் பாதி சுலபம். காலிடையே காற்று போவது புதிதில்லை, இடுப்பில் துணி நிற்குமோ என்ற பதற்றமும் இல்லை. ஆனால் மாடிப்படியைக் கண்டதும் துணியை மடித்துக் கட்டக் கை தானாகப் போகும் பாருங்கள், அந்தக் கையைக் கட்டிப்போடுங்கள்.

முன்பக்கம் எப்படியும் கண்ணாடியில் சரிசெய்துகொள்ளலாம். கில்ட்டின் வேலைப்பாடு முழுக்கப் பின்னால் இருக்கிறது. கைதேர்ந்த தையல்காரர், துணியை மடித்த இடமே தெரியாதபடி கட்டத்தோடு கட்டத்தைச் சேர்த்துத் தைத்திருப்பார். முன்னால் ஓடும் அதே டார்ட்டன் பின்னாலும் முறியாமல் ஓடும். பட்டாளத்துக் கில்ட்டுக்கு வேறு கணக்கு. ஒவ்வொரு மடிப்பின் முகத்திலும் ஒரே கோடு வரும்படி தைப்பார்கள். நிற்கையில் ஒரு நிறம், நடக்கையில் மடிப்பு பிரிந்து உள்ளே வேறு நிறம். இத்தனையும் கட்டியவனுக்குத் தெரியாது, அவனுக்குப் பின்னால் நடப்பவருக்குத்தான் தெரியும். என் பக்கத்து வீட்டுப் பைப்பர் அத்தனை வருடம் பட்டாளத்தில் உடுத்தியவர். அப்படியும் வாசலைத் தாண்டுமுன் மனைவியிடம் முதுகைக் காட்டி நிற்பார். அந்த அம்மா உள்ளங்கையால் மேலிருந்து கீழே மடிப்புகளை நீவி, ஒன்றிரண்டைச் சுண்டி நேராக்கி, "போ" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார். தனக்கு எல்லாம் தெரியும் என்று கிளம்பாத அந்தப் பழக்கத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியிலும் அது உதவியது. கையெழுத்துப் போடுமுன் மருந்தளவை நர்ஸிடம் இன்னொரு முறை படித்துக்காட்டச் சொல்வேன்.

உட்காருவதைச் சொல்லாமல் விடக்கூடாது. உட்காருமுன் கையைப் பின்னால் கொண்டுபோய் மடிப்புகளைக் கீழ்நோக்கி வழித்துவிட்டு உட்காருங்கள். இல்லாவிட்டால் எழும்போது பின்பக்கம் கசங்கிக் கந்தலாகும். முழங்கால்களைச் சேர்த்து வையுங்கள், ஸ்போரன் தொடைகளுக்கு நடுவே விழட்டும். எதிர்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அத்தைமார்களுக்கு நீங்கள் செய்யும் மரியாதை அது.

உள்ளே என்ன என்கிற அந்தக் கேள்வி எப்படியும் வரும். எல்லோரும் கேட்பார்கள், எல்லோரும் சிரிப்பார்கள். வாடகைத் துணி என்றால் உள்ளாடை போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அதை இன்னொருவர் கட்டுவார். சொந்தத் துணி என்றால் அது உங்கள் வீட்டு விவகாரம்.

காலுறையில் செருகும் ஸ்கீன் டூ என்கிற சின்னக் கத்தியைப் பற்றி மருமகன் ரொம்பக் கவலைப்பட்டான். வலது கைக்காரர் வலது காலுறையில், பிடி மட்டும் வெளியே தெரியும்படி செருகுவார். பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதைத் தடுக்கும் ஸ்காட்லாந்தின் 1995-ஆம் வருடச் சட்டத்திலேயே தேசிய உடையின் பகுதியாக இருந்தால் விலக்கு உண்டு. சமயக் காரணத்துக்கான விலக்கும் அதே பிரிவில்தான் இருக்கிறது. சீக்கியரின் கிர்பான் அதற்குள் வரும். ஆனால் விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது, பெட்டியில் போட்டு அனுப்புங்கள்.

மற்றதெல்லாம் அநேகமாகக் கடைக்காரன் விதி. வெயிஸ்ட்கோட் போட்டால் பெல்ட் போடக்கூடாது, பகலில் தோல் ஸ்போரன், ராத்திரியில் ரோம ஸ்போரன், பிரின்ஸ் சார்லி கோட்டுக்கு வில் டை, ஆர்கைல் கோட்டுக்கு நீள டை... தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஒன்றிரண்டு மாறிப்போனால் குடிமுழுகாது. விருந்தில் யாராவது உங்கள் காலைப் பார்த்து உச்சுக்கொட்டினால் அவரிடம் 1822-ஐ நினைவுபடுத்துங்கள்.

அந்த ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். சுமார் 170 வருடங்களாக ஆளும் மன்னர் எவரும் ஸ்காட்லாந்துக்கு வந்ததில்லை. ஏற்பாடெல்லாம் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். ஊரே டார்ட்டனில் மிதந்தது. முக்கால் நூற்றாண்டுக்கு முன் சிறைக்கு அனுப்பிய அதே உடைக்கு அரசரே 1,300 பவுண்டுக்கு மேல் செலவழித்தார். ஆனால் கட்டத் தெரியவில்லை. பருத்த உடம்பில் கில்ட் முழங்காலுக்கு வெகுமேலே ஏறி நிற்க, கீழே இளஞ்சிவப்பு நிறத்தில் இறுக்கமான கால்சட்டை. பத்திரிகைக் கேலிச்சித்திரக்காரர்களுக்குத் திருவிழா. பிற்பாடு டேவிட் வில்கி வரைந்த அரசு ஓவியத்தில் விளிம்பு இறங்கியிருக்கிறது, கால்சட்டை காணாமல் போயிருக்கிறது. அதன் பிறகுதான் மேட்டுக்குடியிலும் தாழ்நிலத்திலும் கில்ட்டுக்கு மவுசு கூடி, அது நாட்டின் உடை ஆயிற்று. ஆக, கில்ட்டை உலகறியச் செய்தவரே அதைத் தப்பாகக் கட்டியவர்தான்.

கடைசியாகச் செலவு விஷயம். கையால் தைத்த கில்ட் பல நூறு பவுண்டு ஆகும். முதல் கல்யாணத்துக்கு வாடகைக்கே எடுங்கள். பிடித்துப்போனால் பிறகு தைத்துக்கொள்ளுங்கள். வயிறு கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் வார்கள் இடம்கொடுக்கும், பத்திரமாக வைத்தால் பிள்ளைக்கும் ஆகும். வாஷிங் மெஷினில் மட்டும் போட்டுவிடாதீர்கள். நனைந்தால் நிழலில் உலர்த்தி, பிரஷ்ஷால் தட்டி, பூச்சி அண்டாமல் வைத்தால் போதும்.

விசேஷத்துக்குச் சில நாள் முன்பே வாங்கிவந்து, ஒரு சாயங்காலம் வீட்டில் கட்டி நடந்து, உட்கார்ந்து, மாடி ஏறி இறங்கிப் பாருங்கள். கிளம்புமுன் யாரையாவது முதுகுப்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். புதுக் கில்ட் என்றால் மடிப்பு கலையாதபடி வெளியே நீள ஓட்டுத்தையல் போட்டுத்தான் கொடுப்பார்கள். கட்டுவதற்கு முன் அந்த நூலைப் பிரித்துவிடுங்கள்.